இளஞ்சிவப்பு டாங்கி

செக் நாட்டின் லெஷானி ராணுவ அருங்காட்சியகத்தில் சோவியத் கனரக டாங்கி ஒன்று நிற்கிறது. எடை 46 டன். நிறம் இளஞ்சிவப்பு. அந்த நிறத்துக்கு அது வந்து சேர்ந்த வழி நெடியது.

1943-இல் சோவியத் படை பெரும் தவிப்பில் இருந்தது. கேவி கனரக டாங்கியின் 76 மி.மீ. பீரங்கியால் ஜெர்மனியின் டைகர் டாங்கியை எதிர்கொள்ள முடியவில்லை. கோத்தின் தலைமையிலான வடிவமைப்பாளர்கள் செல்யாபின்ஸ்க் நகரில் புதிய டாங்கியை உருவாக்கினார்கள். பீரங்கி வடிவமைப்பாளர் பெத்ரோவின் குழு 122 மி.மீ. பீரங்கியை அதற்கேற்ப மாற்றிக் கொடுத்தது. பெயர், ஸ்டாலினின் முதலெழுத்துகளில் ஐஎஸ்-2.

உள்ளே இருந்த நான்கு பேருக்கும் அது சுகமான இடமில்லை. 25 கிலோ குண்டு தனி, வெடிமருந்துக் கூடு தனி. குண்டேற்றுபவர் அந்த இடுக்கில் உடலை வளைத்து, முதலில் குண்டைத் திணித்து, பிறகு கூட்டைத் தள்ள வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுட முடியும். மொத்தமே 28 குண்டுகள். ஆனால் விழுந்த இடம் தூளாகும். பெர்லின் தெருக்களில் எதிரி பதுங்கிய கட்டிடங்களை இடித்துத் திறந்தது இந்தப் பீரங்கிதான்.

1945 மே 9 அன்று பிராக் நகருக்குள் முதலில் நுழைந்ததாகச் சொல்லப்படுவது 24-ஆம் எண் கொண்ட டி-34 டாங்கி. அதன் தளபதி இவான் கோன்சரென்கோ அன்றே சண்டையில் இறந்தார். ஜூலை 29 அன்று அந்த வருகைக்கான நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது பீடத்தில் ஏறியது வேறொன்று: 23 என்று எண் எழுதிய ஐஎஸ்-2. விடுதலையின் அடையாளமாக மக்கள் அதைப் பார்த்தார்கள்.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் மீண்டும் வந்தன, இம்முறை அந்த மக்களையே அடக்குவதற்கு. பீடத்தில் இருந்தது அதே இரும்புதான். அண்ணாந்து பார்த்த கண்களுக்கு அது அன்னியப் படையின் காவல்காரனாகிவிட்டது.

1991 ஏப்ரல் இறுதியில் ஓர் இரவு, டேவிட் செர்னி என்ற கலை மாணவர் தோழர்களோடு ஏறி அதற்கு இளஞ்சிவப்புப் பூசினார்; கோபுரத்தின் உச்சியில் பெரிய விரல் ஒன்றையும் நட்டார். மாஸ்கோ கண்டித்தது, செர்னி கைதானார், உள்நாட்டுப் படையினர் வந்து பச்சை அடித்தார்கள். மே மாதம், நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதினைந்து பேர் தங்கள் சட்டப் பாதுகாப்பைத் துணையாகக் கொண்டு தாங்களே தூரிகை பிடித்து மறுபடி இளஞ்சிவப்பு ஆக்கினார்கள். ஜூன் 13 அன்று டாங்கி இறக்கப்பட்டது. கடைசி சோவியத் படைகளும் அதே மாதம் நாட்டைவிட்டு வெளியேறின.

கோன்சரென்கோ சிந்திய ரத்தம் உண்மை. 1968-இன் காயமும் உண்மை. ஒன்றைச் சொல்ல மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை. பச்சை, இளஞ்சிவப்பு, பச்சை, இளஞ்சிவப்பு என்று அந்த இரும்பின் மேல் பூசியவர்கள் எல்லோரும் பட்டதைத்தான் பூசினார்கள்.