'உதவி கேட்டா என்ன நினைப்பாங்க?' - இந்தத் தயக்கத்தைத் தாண்டுவது எப்படி?

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறீர்கள். ஊருக்குப் புதுசு. பெரியாஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று பக்கத்தில் நிற்பவரிடம் சட்டென்று கேட்டுவிடுவீர்கள். ஆனால், 'ரெண்டு வாரமா தூக்கமே இல்லைடா, படிக்க உட்கார்ந்தா அழுகை வருது' என்பதை மட்டும் ஒரே ரூமில் தங்கியிருக்கும் ஃப்ரெண்டிடம்கூட சொல்ல மாட்டோம். ஏன்?

நாம் போடும் தப்புக்கணக்கு

'பாரமா நினைப்பாங்களோ', 'முடியாதுன்னு சொல்லிட்டா அசிங்கமாயிடுமே' என்ற பயம்தான் காரணம். ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெஸா லேக் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்து, 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் சின்னச் சின்ன உதவிகளைக் கேட்கச் சொன்னார்கள். எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கவும் சொன்னார்கள். படிவம் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டபோது, கணித்ததில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கேட்டதுமே வேலை முடிந்துவிட்டது. தெரியாதவர்களே இப்படி என்றால், உங்கள் நண்பர்கள்?

எப்படிக் கேட்பது?

* தெளிவாகக் கேளுங்கள். 'மனசு சரியில்லை' என்று மட்டும் சொன்னால், எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'சாயங்காலம் அரை மணி நேரம் எங்கூட டீக்கடைக்கு வர்றியா, பேசணும்' என்றால் புரியும்.

* என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். 'அட்வைஸ் வேணாம், கேட்டுக்கிட்டா போதும்.'

* நேரில் வார்த்தை வரவில்லையா? வாட்ஸ்அப்பில் டைப் செய்யுங்கள்.

* ஒருவர் முடியாது என்றால், அவருக்கு இன்றைக்கு முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்தவரிடம் கேளுங்கள்.

உங்களிடமும் பொறுமை வேண்டும்

ஃப்ரெண்டுக்கு அரியர் விழுந்தால், 'நீ வேஸ்ட்' என்று சொல்வீர்களா? 'விடு, அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம்' என்பீர்கள். அதே வார்த்தையை உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

பேசிய மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பும் இல்லை. அதனால், பக்கத்தில் இருப்பவரின் வேகத்தோடு ஒப்பிட்டு நொந்துகொள்ளாதீர்கள்.

நண்பர்கள் மட்டும் போதாதபோது...

தூக்கம், பசி, படிப்பு என எல்லாமே ரெண்டு வாரத்துக்கு மேல் குழம்பிக் கிடந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

* 14416: 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

* 104: தமிழக அரசின் சுகாதார உதவி எண்.

* புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை: ஓ.பி. சீட்டு வாங்கும்போது 'மனநலப் பிரிவு' என்று சொன்னால் போதும்.

'வீட்டுக்குத் தெரிஞ்சிடுமோ?' என்று பயமா? சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே விதிவிலக்கு உண்டு.

'செத்துடலாம்' என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிஷமே 14416-க்கு அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க். 'கொஞ்சம் பேசணும், எப்போ ஃப்ரீ?' இந்த மெசேஜை இன்றைக்கு ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள். ரிப்ளை வர லேட் ஆனாலும் பரவாயில்லை. கேட்க ஆரம்பித்துவிட்டீர்களே!