சாங்கி வழியே வந்த ஒளி: சிங்கப்பூரில் அழகுச் சிகிச்சைக் கருவிகளின் வாணிபம் வளர்ந்த வரலாறு

சிங்கப்பூரின் வாணிப சரித்திரத்தில் ரப்பருக்கும் வெள்ளீயத்துக்கும் பெட்ரோலியத்துக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. மனிதருடைய சருமத்தின்மீது வேலை செய்வதற்கென்றே ஆக்கப்பட்ட கருவிகள் இத்தீவினுள் புகுந்து, முதலில் மருத்துவரின் அறையிலும், பின்னர் அழகு நிலையத்தின் திரைமறைவிலும், இப்பொழுது இல்லத்து அலமாரியிலும் இடம்பெற்ற விதமும் அத்தகைய அத்தியாயம் ஒன்றுக்கு உரியதே. வரி, சட்டம், முதலீடு என்னும் புறக் காரணங்கள் இச்சந்தையை விரியச் செய்தன என்பதை எவரும் எளிதில் காணலாம். ஆயினும், அக்கருவிகள் எந்த நிறத்துச் சருமத்தை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டன என்னும் வினா, இந்நாட்டுத் தமிழரைப் பொறுத்தவரை தலையாய வினாவாக இருந்தும், அவ்வளர்ச்சியின் நடுவே போதிய அளவு எழுப்பப்படவில்லை என்பது என் துணிபு.

கருவிகள் வருவதற்கு முன்னிருந்த நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருக்களில் அழகுத் தொழில் செய்த பெண்களுக்கு மூலதனம் ஒரு நூல்கண்டே. நூலின் ஒரு முனையைப் பல்லிடையே கடித்துக்கொண்டு, எஞ்சியதை இரு கைவிரல்களிலும் முறுக்கிப் புருவத்தின்மேல் ஓட்டினால், மயிர் வேரோடு பெயர்ந்து வரும். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் தம் இமையையும் நெற்றியையும் தாமே விரலால் இழுத்துப் பிடித்துக்கொள்ள, சில நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடும். தேக்கா சந்தையில் வாங்கிய கஸ்தூரி மஞ்சளும் பயற்றம்மாவும் மற்றத் தேவைகளை நிறைவேற்றின. 'திரெட்டிங்' என்று வழங்கும் இந்நூல்வேலை இன்றும் அத்தெருக்களில் குறைவின்றி நடந்து வருகிறது. அதன் விசேஷம் யாதெனில், சருமம் வெளுப்பாயினும் கறுப்பாயினும் நூலுக்கு அதில் பேதமில்லை. தொழில் செய்பவரின் கைத்திறன் ஒன்றே பலனை நிர்ணயித்தது. பின்னர் வந்த யந்திரங்களுக்கு இக்குணம் இல்லை.

அவ்யந்திரங்களின் மூலம் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டில் தியோடர் மைமன் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். மூன்றாண்டுகள் கழியுமுன்னரே, சின்சினாட்டி நகரத்துச் சரும வைத்தியர் லியோன் கோல்ட்மேன் அவ்வொளியை மனிதத் தோலின்மீது செலுத்திப் பார்த்து, கருநிறம் படிந்த பகுதிகளே அதிகமாகத் தாக்கப்படுகின்றன என்பதைக் கண்டறிந்தார். 1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் இருவர், தக்க அலைநீளமுடைய ஒளியை மிகக் குறுகிய காலத் துடிப்பாகச் செலுத்தினால், சுற்றியுள்ள திசுவுக்குத் தீங்கின்றி, அவ்வொளியை உறிஞ்சும் இலக்கை மட்டும் அழிக்கலாம் என்னும் தத்துவத்தை வெளியிட்டனர். மயிரை அகற்றுவது, பச்சையை அழிப்பது, மங்கு என்னும் முகக்கருமையையும் மச்சத்தையும் மாற்றுவது ஆகிய யாவும் இத்தத்துவத்தின் கிளைகளே. மயிர்வேரிலுள்ள மெலனின் என்னும் கருநிறப் பொருளே ஒளிக்கு இலக்கு. அதே மெலனின் தோலின் மேற்படலத்திலும் மிகுந்திருக்குமாயின், ஒளி வேரைச் சேருமுன் வழியிலேயே உறிஞ்சப்பட்டு மேற்றோலைச் சுட்டுவிடும். ஆகவே, கரிய மயிரும் வெளுத்த தோலும் உடையாரே இக்கருவிகளுக்கு இயல்பான முதல் வாடிக்கையாளர் ஆயினர்.

இக்கருவிகள் வாணிபப் பொருளாக உருப்பெற்ற காலமும், சிங்கப்பூர் அவற்றை ஏற்பதற்கு ஆயத்தமான காலமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தன. பாய லேபாரில் இடம் போதாமையால், சாங்கியில் கடலைத் தூர்த்து அமைத்த புதிய விமான நிலையம் 1981 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. 1988இல் தேசிய சரும நிலையம் மண்டலே சாலையில் நிறுவப்பட்டு, சரும வைத்தியம் தனித்துறையாக வேரூன்றியது. மதுவகை, புகையிலை, மோட்டார் வண்டி, பெட்ரோலியம் ஆகியவை நீங்கலாக ஏனைய இறக்குமதிகளுக்குச் சுங்கத் தீர்வை விதிக்காத நாடு இது. எனவே ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வரும் விலையுயர்ந்த யந்திரம் ஒன்று, 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கி 2024இல் 9 விழுக்காட்டை எட்டிய பொருள் சேவை வரியை மட்டும் செலுத்திச் சாங்கியின் சரக்குக் கூடங்களிலிருந்து வெளியேறலாம். கப்பலில் வாரக்கணக்காகக் கிடத்துவதற்கு இவை தக்க சரக்கும் அல்ல. எடைக்கு விலை மிகுந்தவை. அதிர்ச்சி தாங்காத கண்ணாடியும் படிகமும் கொண்டவை. யந்திரத்தை ஒருமுறை வாங்குவதோடு செலவு முடிவதுமில்லை. ஒளிவிளக்கு பொருத்திய கைப்பிடி இத்தனை துடிப்புக்கே உழைக்கும் என்று கணக்குண்டு. 2002இல் அமெரிக்க அங்கீகாரம் பெற்ற ரேடியோ அலைக் கருவியான தெர்மேஜ் போன்றவற்றில், ஒவ்வொருவருக்கும் புதிய முனை பொருத்த வேண்டும். விற்பவர்க்கு யந்திரத்தைக் காட்டிலும் இம்முனைகளே நித்திய வருமானம். அவை தடையின்றி வந்து சேருவதற்கு விமான நிலையம் அருகிலிருத்தல் பெரும் அநுகூலம். 2003இல் அரசாங்கம் 'சிங்கப்பூர் மெடிசின்' என்னும் முயற்சியைத் தொடங்கி அயல்நாட்டு நோயாளரை அழைத்தபோது, அதே விமான நிலையம் யந்திரங்களோடு வாடிக்கையாளரையும் கொண்டுவந்து சேர்த்தது.

சந்தையின் வடிவத்தை நிர்ணயித்ததில் சட்டத்தின் பங்கு எதிர்பாராத வகையிலானது. உயர்சக்தி லேசர்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அடங்கும். அயனியாக்காத கதிர்வீச்சைப் பற்றிய விதிகள் 1991இல் வகுக்கப்பட்டன. 2007 முதல் அதிகாரம் தேசிய சுற்றுப்புற வாரியத்திடம் உள்ளது. உரிமமின்றி அத்தகைய லேசரை எவரும் வைத்திருக்கவோ இயக்கவோ இயலாது. ஆனால் ஐ.பி.எல். என்று சுருங்க வழங்கும் தீவிரத் துடிப்பொளிக் கருவி லேசர் அன்று. ஏறத்தாழ 500 முதல் 1,200 நானோமீட்டர் வரை பரந்த அலைநீளங்களை ஒருங்கே உமிழும் விளக்கு அது. வேண்டாத பகுதியை வடிகட்டி கொண்டு தடுப்பர். லேசருக்கு இட்ட வேலி இதற்கு அப்படியே பொருந்தாமையால், அழகு நிலையங்கள் ஐ.பி.எல். பக்கம் திரும்பின. இதன் பயனாக, ஒரே நோக்கத்துக்கு இரு சந்தைகள் உண்டாயின. மருத்துவர் கையில் லேசர், அழகுக்கலைஞர் கையில் துடிப்பொளி. இவற்றுள் பின்னதே மலிவு, பின்னதே பேரங்காடிதோறும் கிடைப்பது. பல அலைநீளங்கள் கலந்த ஒளியில் குறுகியவையும் இருப்பதால், கரிய சருமத்துக்கு அதிக எச்சரிக்கை வேண்டுவதும் பெரும்பாலும் பின்னதே. பாதுகாப்புக்கென இயற்றிய விதி, எளிய வருமானமுடைய தமிழ்ப் பெண்ணைத் தன்னை அறியாமலே அபாயம் மிகுந்த கருவியின்பால் செலுத்தியது என்று சொல்வது மிகையன்று.

மருத்துவரிடையேயும் ஒழுங்கு தேவைப்பட்டது. பொது வைத்தியர் பலர் இருமலும் காய்ச்சலும் பார்ப்பதை விடுத்து அழகுச் சிகிச்சையில் இறங்கியபோது எழுந்த விவாதத்தின் விளைவாக, 2008இல் வழிகாட்டு நெறிகள் வெளியாயின. ஆதாரம் வலுவுடைய சிகிச்சைகள் ஒரு பட்டியலிலும், ஆதாரம் குன்றியவை மற்றொரு பட்டியலிலும் பிரிக்கப்பட்டன. லேசர் முதலியவற்றைக் கையாளத் தகுதிச் சான்று வற்புறுத்தப்பட்டது. 2009 டிசம்பரில் கொழுப்புறிஞ்சும் சிகிச்சைக்குப் பின் ஒருவர் மாண்ட துயரம் நாட்டையே கலக்கியது. கருவிகளைப் பொறுத்தமட்டில், 2007இன் சுகாதாரப் பொருள்கள் சட்டமும் 2010இன் மருத்துவக் கருவி விதிகளும் அபாயத்தின் தரத்துக்கேற்ப நான்கு வகுப்புகளை ஏற்படுத்தி, இறக்குமதியாளரையும் மொத்த வியாபாரியையும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் உரிமத்துக்கு உட்படுத்தின.

இனி, யந்திரத்தின் விலையை யார் கொடுத்தனர் என்பதைக் காண்போம். கடனிலோ தவணையிலோ எடுத்த கருவிக்கு, அது வேலை செய்தாலும் சும்மா கிடந்தாலும், மாதந்தோறும் பணம் கட்டியாக வேண்டும். இந்நெருக்கடிக்கு மயிரின் இயற்கையே ஒரு வழி காட்டிற்று. வளரும் பருவத்திலுள்ள மயிர் மட்டுமே ஒளிக்கு வசப்படும். உறங்கும் பருவத்தது தப்பிவிடும். ஆகவே சில வாரங்கள் இடைவிட்டுப் பலமுறை வந்தால்தான் பலன் நிலைக்கும். மெய்யான இவ்வுடலியல் நியதியை அடிப்படையாகக் கொண்டு 'பேக்கேஜ்' என்னும் முன்பணத் தொகுப்பு பிறந்தது. பத்து அமர்வுக்குரிய பணத்தை முதல் நாளே செலுத்திய வாடிக்கையாளர், உண்மையில், வட்டியின்றி யந்திரத்துக்குக் கடன் கொடுத்தவராகிறார். நிலையம் திடீரென மூடப்பட்டால் கடன் கொடுத்தவரின் நஷ்டமே அவருக்கும். 1971இல் தோன்றிய பயனீட்டாளர் சங்கத்துக்கு அதிகப் புகார் வரும் துறைகளுள் அழகுத் துறை தொடர்ந்து இடம்பெறுவதற்கு இதுவே முக்கிய ஹேது. சங்கத்தின் 'கேஸ்டிரஸ்ட்' அங்கீகாரம் பெற்ற நிலையங்கள், ஐந்து நாளுக்குள் மனம் மாறினால் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டவை. அங்கீகாரம் பெறுவதோ அவரவர் விருப்பம்.

சருமத்தின் நிறம் பற்றிய பிரச்சினைக்கு இப்பொழுது வருவோம். அதுவே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. கருவிகள் செலுத்தும் ஒளியின் அளவைத் தீர்மானிக்க உலகெங்கும் பயன்படுவது தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த பகுப்பாகும். வெயிலில் எளிதில் கன்றுவது முதல் எளிதில் கறுப்பது வரை, வெள்ளையரின் சருமத்தையே அவர் நான்கு வகையாகப் பிரித்தார். புற ஊதாக் கதிர்ச் சிகிச்சைக்கு அளவு காண்பதே அன்று நோக்கம். பழுப்பும் கறுப்புமான சருமங்கள் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை. தமிழரில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையுள்ள வகைகளில் அடங்குவர். உலகத்தாரில் மிகப் பலரை உள்ளடக்கிய வகைகள் அளவுகோலின் பிற்சேர்க்கையாக நிற்பது வருந்தத்தக்கது. சிங்கப்பூரில் இந்நிலைக்குத் தொகைக் கணக்கும் துணைசெய்கிறது. 2020ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி, குடியிருப்பாளருள் சீனர் 74.3 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு. இயக்குபவரின் கை எந்தச் சருமத்தில் பழகுகிறதோ அதற்குரிய அளவே அவருக்கு இயல்பாகிவிடும். பத்தில் ஒருவராக வரும் கரிய முகத்துக்கு அந்த அளவு பொருந்தாது.

பொருந்தாவிடில் நேர்வது யாதெனில், சூடுபட்ட இடம் ஆறியபின் முன்னிருந்ததைவிடக் கறுத்துப்போவது. மங்கினைப் போக்க வந்த பெண்ணின் கன்னத்தில், கருவியின் சாளர அளவுக்குச் சதுரஞ்சதுரமாகக் கருமை படிவதுண்டு. அது மறைவதற்கு மாதங்கள் ஆகும். இதற்கு விஞ்ஞானம் பரிகாரம் காணாமல் இல்லை. 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசரின் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால், அது மேற்றோலைக் கடந்து ஆழத்தில் இறங்கும். துடிப்பின் காலத்தை நீட்டி, தோலைக் குளிர்வித்துக்கொண்டே செலுத்தினால், ஆறாம் வகைச் சருமத்துக்கும் அது ஏற்றதாகிறது. 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசருக்கு இந்த அநுகூலம் இல்லை. எதுவாயினும், தாடையோரத்தில் சிறு புள்ளியளவு சோதித்து, சில வாரங்கள் பொறுத்துப் பார்த்த பின்னரே முகத்தைத் தொடுவது கற்றறிந்தார் முறை. கருவியின் அலைநீளத்தைக் கேட்டறியவும், சோதனைப் புள்ளியை வற்புறுத்தவும் நம் பெண்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்பதற்குக் கூசுதல் வேண்டா.

அண்மைக் காலத்து மாறுதலால் கருவி வீட்டுக்கே வந்துவிட்டது. கைக்கடக்கமான துடிப்பொளிச் சாதனங்களையும் சிவப்பொளி முகமூடிகளையும் கைப்பேசியில் பார்த்து வாங்குவோர் பெருகியுள்ளனர். விமானத்தில் வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொதிகளுக்கு முன்பு வரியில்லை. 2023 ஜனவரி முதல் அவையும் பொருள் சேவை வரிக்கு உட்பட்டன. வீட்டுத் துடிப்பொளிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில், வெளிர் ரோஜா நிறம் தொடங்கி ஆழ்ந்த பழுப்பு வரை வரிசையாகக் கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். கடைசிக் கட்டத்தின்மேல் பெரும்பாலும் ஒரு பெருக்கற்குறி. அந்நிறத்தாருக்கு இச்சாதனம் ஆகாது என்பதே அதன் பொருள். விற்பனை விளம்பரத்திலோ அக்கட்டங்கள் அரிதாகவே தலைகாட்டுகின்றன. பணம் கொடுத்துப் பெட்டியைப் பிரித்த பிறகே வாங்கியவர் அவற்றைக் காண்கிறார். அவ்வட்டவணையை விலைக்கு அருகிலேயே, இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும், வாங்குமுன் காட்ட வேண்டும் என்று விற்பனையாளரைக் கட்டாயப்படுத்தும் விதியொன்றைச் சுகாதார அறிவியல் ஆணையம் வகுத்தல் வேண்டும். அழகு நிலையங்களின் சுவரிலும், எந்தக் கருவி எந்த வகைச் சருமம் வரை ஏற்றது என்பது எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.