மூன்று ஊர்களில் ஒரே பாட்டு: ‘சரிகமப’வும் ஊவாத் தோட்டத்து ரசிகர்களும்

2023ஆம் வருடத்தின் கடைசி மாதங்களில், பசறைக்கு மேலே தோட்டமொன்றில் வசிக்கும் எங்கள் அப்பாயிக்கு வார இறுதி மாலைகளில் அழைப்பெடுத்தால் பேச முடியாது. கைப்பேசியை யாராவது காதில் வைத்துக் கொடுத்தால், “இரு சாமி, பாப்பா பாடுது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்கு 87 வயது. ஒரு காது கேட்காது. ஆனாலும் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ மூன்றாவது சீசனை, அசானி வந்த நாளிலிருந்து ஒரு வாரம்கூட அவர் தவறவிடவில்லை.

ஊடகக் கற்கை வகுப்பில் ரசிகர்களைப் பற்றிப் படித்தபோது எங்களுக்குச் சொல்லப்பட்ட உதாரணம் ‘ஸ்டார் ட்ரெக்’. 1966 முதல் 1969 வரை ஓடி, மூன்றே சீசன்களில் நிறுத்தப்பட்ட அமெரிக்கத் தொடர் அது. நிறுத்தப்பட்ட பிறகும் அதை விட மனமில்லாதவர்கள் 1972 ஜனவரியில் நியூயோர்க்கில் ஒரு ஹோட்டலில் மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் வந்து நின்றார்கள். தனியாகப் பார்த்து ரசித்தது போதாமல், தன்னைப் போல் ரசித்தவர்களின் முகத்தையும் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அந்தக் கூட்டம் என்று விரிவுரையில் குறிப்பெழுதினேன். அந்த ஆசை எங்கள் லயத்திலும் இருக்கிறது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பிள்ளைகள்

‘சரிகமப’ பழைய நிகழ்ச்சி. ஹிந்தியில் ஜீ தொலைக்காட்சி 1995இல் ‘சரிகம’ என்ற பெயரில் தொடங்கியது. பாடகர் சோனு நிகம்தான் அதன் முதல் தொகுப்பாளர். பின்னர் அது பல இந்திய மொழிகளுக்குப் போனது. சிறுவர்களுக்கான பிரிவுதான் ‘லிட்டில் சாம்ப்ஸ்’. தமிழில் அதன் மூன்றாவது சீசன் 2023இல், அர்ச்சனா தொகுத்து வழங்க ஒளிபரப்பானது.

அந்த சீசனில் இலங்கையிலிருந்து இரண்டு சிறுமிகள் பாடினார்கள். ஒருவர் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா. மற்றவர் புஸ்ஸல்லாவைப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த அசானி. அசானி மேடைக்கு வந்தது போட்டி தொடங்கிய பிறகுதான். இறுதிச் சுற்றில் அவர் இல்லை. 2023 டிசம்பர் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை நடந்த இறுதிப் போட்டியில் கில்மிஷா வெற்றி பெற்றார். ஊர் திரும்பியபோது பலாலியில் விமானம் இறங்கியதிலிருந்து அரியாலை வரை அவருக்குக் கிடைத்த வரவேற்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அதற்கு முன்பும் இந்தியத் தமிழ்த் தொலைக்காட்சியில் எங்கள் நாட்டு முகங்கள் இருந்திருக்கின்றன. 2019இல் ‘பிக் பொஸ்’ வீட்டுக்குள் லொஸ்லியாவும் தர்ஷனும் இருந்தார்கள். 2022இல் ஜனனி போனார். அவர்களையும் தோட்டத்தில் ரசித்தார்கள். ஆனால் லயத்தில் பிறந்த ஒரு பிள்ளை அந்த மேடையில் நின்று, ‘மலையகம்’ என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளின் கூடங்களில் ஒலித்தது அப்பாயி வாழ்நாளில் கண்டிராத ஒன்று.

ஒரு டீவி, நான்கு காம்பிரா

நுவரெலியாவுக்கு அடுத்து மலையகத் தமிழர் அதிகமாக வாழும் மாவட்டம் பதுளை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. வெளியூர்க்காரர் படமெடுப்பது தெமோதரை ரயில் வளைவையும் தேயிலை மலையையும்தான். செய்தியில் நாங்கள் வருவதென்றால் மண் சரிய வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனபோது கொஸ்லந்தை என்ற பெயரை நாடே சொன்னது.

எங்கள் லயத்தில் பல வீடுகளில் டீவி இருக்கிறது. கூரைத் தகரத்தில் டிஷ் தட்டுகளும் இருக்கின்றன. ஆனால் எல்லாத் தட்டுகளும் வேலை செய்வதில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூடியது. தோட்டச் சம்பளம் 2021 மார்ச்சில் கிடைத்த ஆயிரம் ரூபாயிலேயே நின்றது. கரன்ட் பில்லா டிஷ் காசா என்று வந்தால் முதலில் நிற்பது டிஷ். ஆகவே அந்த வருடம் நான்கு காம்பிராக்காரர்களும் எங்கள் வீட்டில் கூடினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கட்டிலில் பெரியவர்கள், தரையில் பிள்ளைகள், வாசலில் ஆம்பிளைகள். விளம்பரம் வரும்போது யாராவது எழுந்து பக்கத்து அடுப்பில் தேத்தண்ணி வைப்பார்கள்.

வந்து பார்க்க முடியாதவர்களுக்குத் துண்டு துண்டாக யூடியூபும் முகநூலும் இருந்தன. திங்கட்கிழமை மலையில் கொழுந்து பறிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பற்றித்தான் பேச்சு என்று என் சின்னம்மா சொன்னார். நிரைக்கு நிரை நடுவர்கள் இருந்தார்களாம்.

தபாலட்டைக் காலம்

இந்தப் பாசம் திடீரென்று முளைத்ததல்ல. அப்பாயியின் தலைமுறைக்கு அது வானொலியில் தொடங்கியது. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளுக்குத் தபாலட்டை அனுப்பிவிட்டு, அறிவிப்பாளர் ஊர்ப் பெயர்களை வாசிக்கும்போது வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பாட்டு பல தடவை கேட்ட பாட்டாகவே இருக்கும். காத்திருந்தது பாட்டுக்காக அல்ல. தங்கள் தோட்டத்தின் பெயரை ஒருவர் திருத்தமாக உச்சரிப்பதைக் கேட்பதற்காக.

இலங்கை வானொலி தமிழ்நாட்டிலும் கேட்டது என்பது இங்கே முக்கியம். கொழும்பில் சொன்ன ஊர்ப் பெயர் கடல் தாண்டியும் போனது. பி.எச். அப்துல் ஹமீத் இலங்கை வானொலியில் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னர் சன் தொலைக்காட்சிக்குப் போய், தமிழ்நாட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பங்குபற்றும் நிகழ்ச்சியானது. அன்று நிகழ்ச்சி இங்கிருந்து அங்கே போனது. 2023இல் பாடகிகள் போனார்கள்.

தொலைக்காட்சி வந்த பிறகு ஊர்ப் பெயர் காணாமல் போனது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. சன் தொலைக்காட்சி 1993இல் வந்தது. படம் நிறைய வந்தது; எங்கள் படம் மட்டும் வரவில்லை.

ஒரு குடும்பம், மூன்று பெயர்கள்

இந்தக் கட்டுரையை நான் எழுத முக்கியக் காரணம் எங்கள் குடும்பத்தின் வட்ஸ்அப் குழு. அதில் மூன்று ஊர் ஆட்கள் இருக்கிறார்கள்.

1948ஆம் வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பாயியை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இங்கே வைத்துக்கொள்ளவும் முடிவு செய்தது. அதன்படி அப்பாயியின் தம்பி குடும்பத்தோடு கப்பலேறினார். அவருடைய மகன், எனக்கு மாமா முறை, இன்று நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இருக்கிறார். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

1977 ஓகஸ்ட் வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். காந்தியம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியமர்த்தியது. எங்கள் அத்தை அப்படிப் போனவர். 1983 ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தபோது, நல்லவேளை மகள் இங்கில்லை என்று அப்பாயி நினைத்தாராம். 2009இல் அத்தை மாத்தளன் வழியாக மெனிக் முகாமுக்கு வந்து சேர்ந்தார். இளைய மகன் வந்து சேரவில்லை.

இந்த மூவருக்கும் போன இடத்தில் ஒரு பெயர் கொடுத்தார்கள். பதுளையில் பதிவேட்டில் அப்பாயி ‘இந்தியத் தமிழர்’. கிளிநொச்சியில் அத்தை ‘தோட்டக்காட்டாள்’. நாற்பது வருடத்துக்கும் மேல் அங்கே வாழ்ந்து, போரின் கடைசி நாள் வரை நின்று, பிள்ளையையும் இழந்த பிறகும் அந்தச் சொல் அவரை விட்டுப் போகவில்லை. இந்த இணையத்தளத்தைப் படிப்பவர்களில் பலருக்கு அது கேட்க வலிக்கும். அதைச் சொன்னவர்களும் போரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள்தான். கூடலூரில் மாமா இன்னும் ‘சிலோன்காரர்’.

அசானி பாடிய இரவில் மூன்று ஊர்களிலிருந்தும் ஒரே நேரத்தில் குழுவில் குரல் பதிவுகள் வந்தன. மாமாவின் பதிவு மட்டும் நீளம். “மொத தடவ பக்கத்து வீட்டுக்காரங்க வந்து, ‘நீங்களும் அந்த மலையகமா’ன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.” அவர் தமிழ்நாட்டுக்குப் போய் அரை நூற்றாண்டு ஆகிறது.

அதே 2023இல்தான் மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 வருடங்களை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் நடந்தது. முன்னோர் நடந்து செத்த பாதை அது. நான் அதைப் பற்றிய செய்திகளைக் குழுவில் பகிர்ந்தேன். ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு சிறுமி பாடியபோது எல்லோரும் பேசினார்கள். ஊடகக்காரியாக எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

ரசிகர் சண்டை

ரசிகர்கள் இருந்தால் சண்டையும் இருக்கும். அத்தை கில்மிஷா பக்கம், அப்பாயி அசானி பக்கம். “உன் ஊட்டுப் புள்ள இதுதானேடி” என்று அப்பாயி கோபிப்பார். “எனக்கு ரெண்டும் என்ர பிள்ளையள்தான், ஆனா கில்மிஷா சுருதி விடமாட்டா” என்பார் அத்தை. அத்தையின் வாயில் ‘என்ர பிள்ளையள்’ என்ற வன்னிப் பேச்சு வந்தால் அப்பாயிக்கு இன்னும் கோபம் வரும். மகள் தன்னிடமிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும் போலும்.

முகநூலில் அதே சண்டை அசிங்கமாக நடந்தது. வடக்கா மலையகமா என்று பிரித்து, சிறு பிள்ளைகளை வைத்துப் பெரியவர்கள் பழைய கணக்குத் தீர்த்தார்கள். மேடையில் அந்தப் பிள்ளைகள் அப்படி நிற்கவில்லை.

இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. இப்படியான நிகழ்ச்சிகள் பாட்டை மட்டும் காட்டுவதில்லை. பாட்டுக்கு முன் வறுமையைக் காட்டும் ஒரு காணொளி, பின்னணியில் புல்லாங்குழல், கண்ணைத் துடைக்கும் நடுவர் என்பது அவற்றின் வாய்ப்பாடு. போர், லயம், பசி எல்லாம் பார்வையாளர் எண்ணிக்கையாக மாறுகின்றன. கண்ணீர் வந்த பிறகு அடுத்து விளம்பரம் வருகிறது. ஆயிரம் ரூபாய் சம்பளம் அன்று ஏன் ஆயிரத்திலேயே நின்றது என்று எந்தப் பாட்டு மேடையும் கேட்கவில்லை. இதை நான் ஒருநாள் வீட்டில் சொன்னேன். சின்னம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே பதில் சொன்னார்: “அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அழ வைக்கத்தான் காட்டுறாங்க. ஆனா அழுது முடிச்சப்புறம் அந்தப் புள்ள பாடுச்சா இல்லியா?”

எங்கள் மாநாடு

கில்மிஷா வென்ற இரவு அத்தை அழைத்தார். தன் மகனைப் பற்றி அவர் பொதுவாகப் பேசமாட்டார். அன்று, அவனும் நன்றாகப் பாடுவான் என்று மட்டும் சொன்னார். அப்பாயி கேட்கும் காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பொங்கலுக்கு வந்துட்டுப் போ” என்றார்.

அத்தை வந்தார். 2024 ஜனவரியில், பொங்கல் மாலையில், லயத்து வாசலில் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு ‘சரிகமப’ நடத்தினார்கள். கொழுந்துச் சாக்கு விரித்த மேடை, மைக்குக்குப் பதில் சோளக்கதிர், நடுவர் நாற்காலியில் மூன்று வாண்டுகள். மேல் டிவிசனிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். யாரும் டிக்கெட் அடிக்கவில்லை, யாரும் அழைக்கவும் இல்லை. நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். நியூயோர்க் ஹோட்டல் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஏழு வயதிருக்கும் ஒரு சிறுமி பாட வந்தாள். நடுவர் வேடத்தில் இருந்த பையன் கேட்டான்: “பேரு? எந்த ஊரு?”

அவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். டிவிசனைச் சொன்னாள். லய நம்பரைக்கூடச் சொன்னாள்.

“அப்பிடி இல்ல,” என்றான் அவன். “டீவில சொல்ற மாதிரி சொல்லு.”

அவள் சோளக்கதிரை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னாள்: “மலையகம், பதுளை.”

அத்தைதான் முதலில் கைதட்டினார்.