செக்: ஒரு சொல்லின் நெடும்பயணம்

ஆங்கில அகராதியில் 'செக்' என்னும் சிறு சொல்லைத் தேடினால் பொருள்கள் வரிசையாக வந்து நிற்கும். தடுத்தல், சரிபார்த்தல், சதுரங்கத்தில் அரசனுக்கு நேரும் ஆபத்து, துணியில் நெய்த கட்டம், வங்கியில் கொடுக்கும் காசோலை. தமிழரும் இவற்றுள் பெரும்பாலானவற்றை அப்படியே எடுத்துக்கொண்டோம். கணக்கைச் செக் செய்கிறோம். செக் போஸ்ட்டில் வண்டியை நிறுத்துகிறோம். எதிராளிக்குச் செக் வைக்கிறோம். ஒன்றோடொன்று ஒட்டாதவைபோல் தோன்றும் இப்பொருள்கள் அனைத்தும் ஒரே வேரில் கிளைத்தவை. அவ்வேர், பாரசீக மொழியில் அரசனைக் குறிக்கும் 'ஷா' என்னும் சொல். நமக்கு நன்கு அறிமுகமான 'க்ஷத்திரியன்' என்னும் வடசொல்லும் அதற்கு உறவுதான். இரண்டுக்கும் அடியில் இருப்பது 'ஆளுதல்' என்னும் பொருளுடைய பழைய வேர்.

கதை சதுரங்கப் பலகையில் தொடங்குகிறது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையால் பெயர்பெற்ற இவ்வாட்டம், கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டி இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தை வென்ற அரபியர் நாவில் அது 'ஷத்ரஞ்ச்' எனத் திரிந்தது. எதிராளியின் அரசனைத் தாக்கும் நிலை வந்தால் 'ஷா' என்று சொல்லி எச்சரிப்பது ஆட்ட மரபு. தப்ப வழியே இல்லையெனில் 'ஷா மாத்'. 'மாத்' என்பதற்கு அரபி வழியில் 'இறந்தான்' என்றும், பாரசீக வழியில் 'திகைத்து நின்றான்' என்றும் இருவகையாகப் பொருள் கொள்வர். பலகையில் அரசன் மட்டும் வெட்டுப்படுவதில்லை என்பதை எண்ணினால் பின்னதே பொருத்தமாகப் படுகிறது.

அரபியர் வழியே ஆட்டம் ஐரோப்பாவை அடைந்தபோது, 'ஷா' லத்தீனில் 'ஸ்காக்கஸ்' என்றும் பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' என்றும் உருமாறியது. இங்கிலாந்தை நார்மானியர் 1066இல் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் பெருகின. அவ்வழியே வந்ததுதான் 'செக்'. ஆட்டத்தின் பெயரான 'செஸ்' அதன் பன்மை வடிவத்திலிருந்து பிறந்தது. அரசனுக்கு எச்சரிக்கை வந்தால் எதிராளி தன் திட்டத்தை நிறுத்திவிட்டு அவனைக் காக்க வேண்டும். ஆகவே 'செக்' என்பதற்குத் 'தடுத்து நிறுத்துதல்' என்னும் பொருள் எளிதில் ஏறியது. சரிபார்த்தல் என்னும் பொருள் அதன் பின்னர் வந்தது.

இனிப் பணத்தின் பக்கம் வருவோம். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசனின் வருவாய்க் கணக்கு ஒரு மேசைமேல் முடிக்கப்பட்டது. இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவில் எழுதிய லத்தீன் நூலில் அதனை விவரிக்கிறார். மேசையின் நீளம் ஏறத்தாழ 10 அடி, அகலம் 5 அடி. மேலே கோடிட்ட கருந்துணி. ரோமானிய எண்களை வைத்துக் கூட்டல் கழித்தல் செய்வது கடினம். ஆகவே பென்னி, ஷில்லிங், பவுண்டு எனப் பத்தி பிரித்து வில்லைகளை நகர்த்திக் கணக்கிட்டனர். சதுரங்கத்தில் இருவர் மோதுவதுபோல் இங்கே பொருளாளரும், மாவட்ட வரியைக் கொண்டுவரும் ஷெரிஃபும் மோதுகின்றனர் என்கிறார் ஃபிட்ஸ்நீல். சதுரங்கப் பலகையின் பெயரே அவ்வலுவலகத்துக்கும் ஆகி, 'எக்ஸ்செக்கர்' எனப்பட்டது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் எக்ஸ்செக்கரின் சான்சலர் என்றே அழைக்கப்படுகிறார். துணியில் கட்டம் போட்ட நெசவைச் 'செக்' என்பதும் அப்பலகையின் சாயலால்தான்.

அவ்வலுவலகத்தில் பற்றுச்சீட்டாகப் பயன்பட்டது மரக்குச்சி. தொகைக்கேற்ப வெட்டுக்குறி இட்டு, நெடுக்காகப் பிளந்து, செலுத்தியவரிடம் ஒரு பாதியும் அலுவலகத்தில் மறுபாதியும் வைப்பர். இரண்டும் பொருந்தினால் கணக்குச் சரி. வழக்கொழிந்த அக்குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று எரித்தபோது தீ பரவி, வெஸ்ட்மின்ஸ்டரின் நாடாளுமன்றக் கட்டடமே பெரும்பகுதி சாம்பலானது. மோசடியைத் தடுக்க இரண்டு பாதிகளை ஒப்பிடும் அதே முறை வங்கித் தாளுக்கும் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்பது தாளின் அடிக்கட்டையைக் குறித்தது. பிறகு தாளையே குறித்தது. அமெரிக்கர் பழைய எழுத்துக்கூட்டலைக் காத்துவர, ஆங்கிலேயர் எக்ஸ்செக்கரின் சாயலில் அதனை மாற்றி எழுதலாயினர். தமிழில் இரண்டும் 'செக்' ஆகிவிட்டதால் அவ்வேறுபாடு நமக்கில்லை. 'காசோலை' என்னும் அழகிய சொல்லும் நம்மிடம் உண்டு.

அகராதி எண்ணிட்டுப் பிரிக்கும் பொருள்கள் மக்கள் வாழ்வில் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்தவை என்பதற்கு இச்சொல் நல்ல சான்று. அதனினும் வியப்பானது அதன் அரசியல் பயணம். நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அரசன் வரி விதிக்கலாகாது என்று 1689இல் இங்கிலாந்தின் உரிமைச் சட்டம் வரையறுத்தது. 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டம், ஆட்சியின் ஒவ்வோர் அங்கமும் மற்றதைத் தடுத்து நிறுத்துமாறு அதிகாரத்தைப் பகிர்ந்தது. அத்தகைய தடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் 'செக்' என்பதே. அரசனின் பெயராகப் புறப்பட்ட சொல், அரசனையும் கட்டுப்படுத்தும் சொல்லாக வந்து சேர்ந்திருக்கிறது.