காலையில் முதலில் ஓடும் பத்து வரிகள்

பதிவு கொஞ்சம் நீளம், சாவகாசமாகப் படியுங்கள்.

திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி லேபைப் பார்த்துக்கொள்ளும் பழைய மாணவர் போன வாரம் கேட்டார்: "சார், எங்க லாகின் ஸ்கிரிப்ட் பூரா வி.பி.ஸ்கிரிப்ட்ல இருக்கு. எழுதினவர் வேலையை விட்டுப் போய் எட்டு வருஷம் ஆச்சு. மைக்ரோசாஃப்ட் அந்த மொழியையே எடுக்கப் போறாங்களாம். எதுக்கு மாத்தறது?" போனில் சொல்லி முடியவில்லை. இதன் பின்னால் நாற்பது வருஷக் கதை இருக்கிறது.

கணினிப் பக்கமே வராத என் அக்காமார்களுக்காக ஒரு விளக்கம். ஆபீஸிலோ லேபிலோ பெயரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே நுழைந்ததும், நம் கண்ணில் படாமல் பத்து இருபது வரிகள் ஓடும். உன் ஃபோல்டர் சர்வரில் எங்கே இருக்கிறது, எந்த பிரின்டர் உனக்கு, மணி சரியா என்று பார்த்து வைக்கும். அதுதான் லாகின் ஸ்கிரிப்ட். அது ஓடாவிட்டால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, நாற்பது பேரின் வேலையும் காணாமல் போனது போல இருக்கும்.

1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் நெட்வொர்க் என்றாலே நாவல் கம்பெனியின் நெட்வேர்தான். லாகின் ஸ்கிரிப்டுக்கென்றே அதற்குச் சொந்தமாகச் சின்ன மொழி ஒன்று இருந்தது. டிரைவை இணைக்க 'மேப்', திரையில் எழுத 'ரைட்', இவர் இந்தக் குழுவில் உண்டா என்று கேட்க 'இஃப் மெம்பர் ஆஃப்'. காலையா மாலையா என்று அதுவே பார்த்து, பெயர் சொல்லிக் குட் மார்னிங், குட் ஈவினிங் போடும். இந்த வேலைக்கு அதைவிடத் தெளிவான மொழி பிறகு வரவில்லை என்பது என் எண்ணம். ஆனால் நெட்வேருக்கு வெளியே அதற்கு வாழ்வில்லை. 1996-ல் விண்டோஸ் என்.டி. 4.0 வந்து ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக மாறியபோது அந்த வரிகள் ஒன்றும் கூட வரவில்லை. மீட்டர்கேஜ் வண்டியில் வந்தவர்கள் விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை முடிச்சோடு இறங்கி பிராட்கேஜ் வண்டிக்கு ஓடுவோமே, அந்தக் கதைதான்.

என்.டி.யில் கிடைத்தது பேட்ச் ஃபைல், 1981-ன் டாஸ் காலத்துச் சரக்கு. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தனியார் நிறுவனங்கள் வழியாகக் கணினிகள் வந்தன. விழுப்புரத்தில் நான் இருந்த பள்ளியில் ஒப்பந்தக் காலம் முடிந்து அந்த நிறுவனத்தார் போனபோது சாவிக்கொத்தைத் தந்தார்கள், ஒரு காகிதம் எழுதித் தரவில்லை. சர்வரில் ஒரே ஒரு பேட்ச் ஃபைல் இருந்தது. நோட்பேடில் திறந்தால் எட்டு வரி. 'நெட் யூஸ்' என்று டிரைவை இணைக்கும் வரி, 'நெட் டைம்' என்று மணியைச் சரி செய்யும் வரி. உள்ளே பேட்டரி செத்த கணினிகள் கரண்ட் போய் வந்தால் 1980 என்று காட்டும், அதற்காக. கணக்கு வாத்தியாரான எனக்கே படித்ததும் புரிந்தது.

ஆனால் பேட்ச் ஃபைலுக்கு 'இவன் பன்னிரண்டாம் வகுப்பா' என்று கேட்கத் தெரியாது, அதற்குத் தனியாக ஒரு கருவி வேண்டும். அந்தக் குறைக்குத்தான் மைக்ரோசாஃப்டின் நெதர்லாந்துக் கிளையில் இருந்த ரூட் வான் வெல்சன் 'கிக்ஸ்டார்ட்' எழுதினார். குழுவைப் பார்த்து டிரைவ் தரும் வேலையை ஒரே வரியில் செய்யும். பிறகு நான் மாறுதலாகிப் போன திண்டிவனத்துப் பள்ளியில் இதுதான். ஒருநாள் சர்வர் டிஸ்க் போயிற்று. ஸ்கிரிப்டின் நகல் இருந்தது, அதை ஓட்டும் கிக்ஸ் நிரல் இல்லை. டெலிபோன் லைனில் மோடம் போட்டு அதை இறக்குவதற்குள் ஒரு செய்முறைத் தேர்வு தள்ளிப்போனது.

வி.பி.ஸ்கிரிப்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1996-ல் பிறந்தது, விண்டோஸ் 98 முதல் அதை ஓட்டும் கருவி விண்டோஸோடே வந்தது. ஃபோல்டர், பிரின்டர், ரெஜிஸ்ட்ரி, அவுட்லுக் என்று எல்லாக் கதவையும் திறக்கும். அந்தப் பலமே வினையாயிற்று. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' மின்னஞ்சல் ஒரு வி.பி.ஸ்கிரிப்ட். காதல் கடிதம் என்று திறந்தவரின் முகவரிப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் தன்னையே அனுப்பியது. விண்டோஸ் ஃபைல் பெயரின் வால் பகுதியை மறைத்துவிடும் என்பதால் பார்ப்பவர்களுக்கு வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகத் தெரிந்தது. பயந்துபோன நிர்வாகிகள் பலர் ஸ்கிரிப்ட் ஓட்டும் கருவியையே அடைத்தார்கள். அடைத்தால் லாகின் ஸ்கிரிப்டும் சேர்ந்து நிற்கும்!

நம் மாநிலத்தில் வேறொரு பாதையும் திறந்தது. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த 2006–08 வாக்கில் அரசுக் கணினிகளை லினக்ஸ் பக்கம் திருப்பினார். அங்கே இந்த வேலைக்கு ஷெல் ஸ்கிரிப்ட். 1979-ன் போர்ன் ஷெல்லுக்கு எழுதிய சாதாரண வரிகளில் பெரும்பாலானவை இன்றைய பேஷ் ஷெல்லிலும் ஓடும். இவ்வளவு ஆயுள் வேறு எதற்கும் வாய்க்கவில்லை. ஆனாலும் லேப்களில் பலர் பழகிய விண்டோஸுக்கே திரும்பியதைப் பார்த்தேன்.

2006 நவம்பரில் வந்த பவர்ஷெல், 'ஐ லவ் யூ'விடம் பாடம் படித்த மொழி. அதன் ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்தால் ஓடாது, நோட்பேடில் திறக்கும். அனுமதி கொடுத்தால்தான் ஓடும்.

மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் வி.பி.ஸ்கிரிப்டை விலக்குவதாக அறிவித்தது. 2027 வாக்கில் புதிய விண்டோஸில் அது தானாக இயங்கும் நிலையில் இருக்காது, பிறகு முழுவதும் போய்விடும்.

இப்போது அந்த மாணவருக்கு. பைத்தான் வேண்டாமா என்றும் கேட்டிருந்தாய். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஸ்டார் ஆஃபீசும் சி பிளஸ் பிளஸும் போய், 2019 முதல் பைத்தான் வந்திருக்கிறது. உனக்குப் பின் வருகிறவனுக்கு அது தெரிந்திருக்கும், அது பெரிய விஷயம். ஆனால் விண்டோஸோடு பைத்தான் வருவதில்லை, ஒவ்வொரு கணினியிலும் முன்பே போட்டு வைக்க வேண்டும். திண்டிவனத்தில் கிக்ஸ் இல்லாமல் நின்ற கதை ஞாபகம் இருக்கட்டும். முதலில் அந்த இருநூறு வரியையும் உட்கார்ந்து படி. டிரைவ், பிரின்டர் இணைக்கும் வரிகளுக்கு ஸ்கிரிப்டே வேண்டாம். சர்வர் 2008 முதல் குரூப் பாலிசியிலேயே அதற்கு இடம் உண்டு. மிச்சம் நாற்பது வரி தேறினால் அதிகம். அதைப் பவர்ஷெல்லில் எழுது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே எதற்காக என்று தமிழிலேயே குறிப்புப் போடு. ஃபைலைச் சேமிக்கும்போது 'யு.டி.எஃப்.-8 வித் பி.ஓ.எம்.' என்பதைத் தேர்ந்தெடு. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1 அது இல்லாத ஃபைலில் தமிழைக் குப்பை எழுத்தாகத்தான் படிக்கும், பிள்ளைகள் திரையில் 'வணக்கம்' வராது.