வேதமா, வழிவழி வந்த உபதேசமா? 18ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஒரு சமய வழக்கு

கிறிஸ்தவ சமயத்தில் இறுதி அதிகாரம் எழுதப்பட்ட திருநூலுக்கு மட்டுமே உரியதா, அல்லது அந்நூலைக் காத்து விளக்கிவரும் திருச்சபையின் மரபுக்கும் உரியதா என்னும் வினா 1519இல் லைப்சிக் நகரில் நிகழ்ந்த வாதத்தில் கூர்மையடைந்தது. பொதுச்சங்கங்களும் தவறக்கூடும் என்று மார்ட்டின் லூதர் அங்குக் கூறினார். அதற்கு எதிராக, திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம் 1546 ஏப்ரல் 8 அன்று எழுதப்பட்ட நூல்களையும் எழுதப்படாத மரபுகளையும் ஒத்த பக்தியோடு ஏற்பதாக அறிவித்தது. உண்மை ஒரு பகுதி நூலிலும் மறுபகுதி மரபிலும் உள்ளது என்றிருந்த வரைவு வாசகம் இறுதி அறிக்கையில் கைவிடப்பட்டு, 'நூல்களிலும் மரபுகளிலும்' என்றானது. இச்சிறு மாற்றத்தின் பொருள் யாது என்பதில் 20ஆம் நூற்றாண்டு இறையியலாளரும் உடன்பட்டாரில்லை.

இவ்வழக்கு தமிழ் மண்ணில் எவ்வாறு நடந்தது என்பதே இங்கு நமது கருத்துக்குரியது.

தமிழ் அச்சின் வரலாற்றை நோக்கினாலே இரு தரப்பினரின் வேறுபாடு புலப்படும். ஏசு சபையைச் சேர்ந்த என்றீக்கு என்றீக்கசு 1578இல் கொல்லத்தில் அச்சிட்டது 'தம்பிரான் வணக்கம்' என்னும் வினாவிடை உபதேச நூல். 1586இல் அவர் வெளியிட்டது அடியார்களின் வரலாறு. விவிலியம் முழுவதையும் தமிழில் தரவேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. உபதேசமும் வழிபாடும் புனிதர் வாழ்வுமே மக்களை விசுவாசத்தில் நிறுத்தும் என்பது அவர் சார்ந்த மரபின் துணிபு. 1706இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்குவோ இரண்டாண்டுகளில் புதிய ஏற்பாட்டைப் பெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது அச்சேறியது. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. லூதரின் சிறிய ஞானோபதேசத்தையும் அவர் தமிழாக்கினார். நூல் ஒன்றே போதும் என்றவர்களுக்கும் அந்நூலை எவ்வாறு படிப்பது என்று சொல்ல ஒரு கைநூல் தேவைப்பட்டது.

அச்சான சுவிசேஷங்கள் சபை எல்லைகளைக் கடந்து சென்றன. தஞ்சைப் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்னும் கத்தோலிக்கர் அவற்றைப் படித்து 1720களின் பிற்பகுதியில் லூதரன் சபையில் சேர்ந்து, பின்னர் அதன் உபதேசியாரானார். படைப்பணியாளர் ஒருவர் நூலைத் தாமே படித்து முடிவெடுப்பது தரங்கம்பாடியார்க்கு வெற்றி, குருமாருக்கோ அபாயம்.

இச்சூழலிலேதான் வீரமாமுனிவரின் எதிர்வாதங்கள் எழுந்தன. 1728ஆம் ஆண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் 'வேதவிளக்கம்', அதனோடு 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகியவை தமிழ் உரைநடையில் தோன்றிய தொடக்ககாலக் கண்டன நூல்கள். தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழையும் அவர் இகழ்ந்தார். இதனைப் புலமைச் செருக்கு என்று ஒதுக்குவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. நூலே முழு அதிகாரம் என்றால், அந்நூலின் தமிழ் பிழைபடும்போது அதிகாரமும் பிழைபடும் அல்லவா? வீரமாமுனிவர் தாக்கியது எதிர்த்தரப்பின் அடித்தளத்தையே. அவருடைய 'தேம்பாவணி'யோ மரபின் பக்கம் நின்று எழுந்த காப்பியம். சுவிசேஷங்கள் மிகச் சுருக்கமாகவே பேசும் சூசையப்பர் அங்கு 3,600க்கு மேற்பட்ட பாடல்களின் தலைவராகிறார்.

இவ்வழக்கில் 'வேதம்' என்னும் சொல் நமக்குப் பெரிதும் ஆர்வமூட்டுகிறது. அக்காலக் கிறிஸ்தவத் தமிழில் அது ஏட்டை மட்டும் குறித்ததன்று. சமய நெறி முழுவதையும் குறித்தது. சபையில் சேர்ந்தவர் 'வேதத்தில் சேர்ந்தவர்', கிறிஸ்தவர் 'வேதக்காரர்'. வீரமாமுனிவரின் 'வேதியர் ஒழுக்கம்' உபதேசியார்களுக்காக எழுதப்பட்டது. அங்கு வேதியர் என்பவர் நெறியைக் கையளிப்பவர். இப்பொருள்வழிப் பார்த்தால் நூலையும் மரபையும் பிரிக்கும் கோடே அச்சொல்லில் இல்லை. புரொட்டஸ்டண்டு வழக்கில் 'வேதபுத்தகம்', 'வேதாகமம்' என்னும் சொற்கள் நிலைபெற்றபோது 'வேதம்' படிப்படியாக ஏட்டுக்குள் அடங்கிற்று. ஐரோப்பியர் இலத்தீனில் வாதிட்டதைத் தமிழர் ஒரு சொல்லின் பொருளெல்லையில் வாதிட்டனர் எனலாம்.

எவ்வெந்நூல்கள் வேதம் என்பதிலும் கோடு நேராக இருக்கவில்லை. 1719இல் சீகன்பால்கு மறைந்தபின் பழைய ஏற்பாட்டை முடித்த சூல்ட்சே, தம் சபை சமநிலை தராத தள்ளுபடி ஆகமங்களையும் பெயர்த்து அச்சிட்டார்; லூதரே 1534ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றைத் தனியே சேர்த்திருந்தார். படிக்கப் பயனுடையவை, ஆனால் திருநூலுக்கு ஒப்பானவை அல்ல என்பது லூதரின் தீர்ப்பு. அப்பிரிவினையை நூலே தன் வாயால் சொல்லவில்லை. யாரோ ஒருவர் வகுத்தே ஆகவேண்டியிருந்தது. திரெந்து சங்கத்தின் வாதம் வலுப்பெறும் இடம் இதுவே என்பது நம் கருத்து.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நூலும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து பாய்வன என்று கூறியது. 1995இல் இரு தரப்பு அறிஞரும் இணைந்து உருவாக்கிய தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பில், கருத்து வேறுபாட்டுக்குரிய அந்நூல்கள் 'இணைத்திருமுறை' என்னும் பெயரோடு இடம்பெற்றன.