மத அடிப்படைவாதம் (தமிழக–கன்னட எல்லைப் பகுதி)

தம் சமய நூலுக்குத் தாம் கொள்ளும் பொருளே முடிவானது, ஊரும் அரசும் அதன்படியே நடக்க வேண்டும் என்று வற்புறுத்தும் போக்கு. 1910–1915 ஆண்டுகளில் அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகள் வெளியிட்ட 12 தொகுதிகளை ஒட்டி இப்பெயர் எழுந்தது. போக்கோ மிகப் பழையது. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரம் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலம். போசளரும் விசயநகர அரசரும் ஆண்ட பகுதியாதலால் அதன் சமய வரலாற்றுக்குக் கன்னட நாட்டுச் சான்றுகளும் தேவைப்படுகின்றன.

மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சைவ மரபு கூறும். வரலாற்றறிஞர் பலர் இதனை ஐயுறுகின்றனர். சோழ மன்னன் ஒருவனின் கொடுமைக்கு அஞ்சி இராமானுசர் வெள்ளை உடுத்தித் திருவரங்கத்திலிருந்து போசள நாடு சென்றார் என்பது வைணவ மரபு. அம்மன்னன் முதற் குலோத்துங்கனா, இரண்டாம் குலோத்துங்கனா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. போசள விட்டுணுவர்த்தனன் வைணவம் தழுவியதாகச் சொல்லப்படும் காலத்திலும் அவன் அரசி சாந்தலை சமணராகவே இருந்தாள். சிரவணபெளகொளாவில் சமணக் கோயிலும் எடுப்பித்தாள்.

மிகத் தெளிவான சான்று 1368ஆம் ஆண்டினது. வைணவர் தமக்கு இழைக்கும் அநீதி குறித்து ஆனெகொந்தி, பெனுகொண்டா முதலிய ஊர்ச் சமணர் விசயநகர மன்னர் முதலாம் புக்கரிடம் முறையிட்டனர். திருவரங்கம், காஞ்சி, திருமலை, மேலுக்கோட்டை வைணவர்களை வைத்துக்கொண்டே மன்னர் சமணர் கையை வைணவர் கையில் ஒப்படைத்தார். சமண தரிசனத்துக்கும் வைணவ தரிசனத்துக்கும் வேற்றுமை இல்லை; சமணருக்குப் பஞ்ச மகா வாத்தியமும் கலசமும் உரியவை; அவர்களுக்கு நேரும் கேட்டை வைணவர் தம் கேடாகவே கருத வேண்டும் என்பன தீர்ப்பு. சமணர் வீட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு பணம் தண்டி, பெளகொளாக் கோயிலுக்கு 20 காவலரை அமர்த்தும் பொறுப்பு திருமலைத் தாத்தய்யாவிடம் விடப்பட்டது. மீதிப் பணம் பாழடைந்த சமணக் கோயில்களுக்குச் சுண்ணாம்பு பூச. பகையைத் தணிக்க வந்த அரசாணை சுண்ணாம்புச் செலவுவரை எண்ணிப் பார்த்திருப்பது போற்றத்தக்கது. சிரவணபெளகொளாவில் வெட்டப்பட்ட இக்கல்வெட்டின் படி மாகடி வட்டத்துக் கல்யாவிலும் உள்ளது.

1792வரை இவ்வட்டாரத்தை ஒட்டிய பாராமகாலை ஆண்ட திப்பு சுல்தானின் சமயக் கொள்கை இன்றும் சர்ச்சைக்குரியது. ஒரு சாரார் சிருங்கேரி மடத்துக்கு அவர் எழுதிய கடிதங்களைக் காட்டுவர்; மறு சாரார் மங்களூர்க் கிறித்தவரின் சிறைவாசத்தைக் காட்டுவர்.

அண்மைக் காலத்தில் அடிப்படைவாதத்தோடு தொடர்புபடுத்தப்படும் வன்முறைகளும் நிகழ்ந்தன. 1998 பிப்ரவரி 14 கோவைத் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டனர். 2015இல் தார்வாடில் அறிஞர் கல்புர்கியும், 2017இல் பெங்களூரில் இதழாளர் கௌரி லங்கேசும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கௌரி கொலை வழக்கின் சாட்சி விசாரணை 2022இல் பெங்களூரில் தொடங்கியது.